நெற்றிக்கு வந்த வெள்ளி நாலணா

இது நடந்த கதை. ஆழ்வார்பேட்டையில் ஆரம்பித்து பட்டினப்பாக்கம் கடற்கரையில் முடிந்தது. சாட்சிக்கு ஒரு சுடுகாடே இருக்கிறது. இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

சரி, ஒரு வார்த்தை இருக்கும். டீக்கடை அல்போன்ஸ் அப்படி முறைக்க வேண்டாம், பாலைப் பார்க்கட்டும். பக்கத்துக் குடையில் பூக்கட்டும் ஜோதிலட்சுமியும் உதட்டைச் சுழிக்க வேண்டாம். நூற்றுக்கு எண்பது நடந்தது, மீதி இருபது டீயில் நுரை மாதிரி. நுரை இல்லாமல் கொடுத்தால் கிளாஸ் அரைதான் இருக்கிறது என்று நீங்களே சண்டைக்கு வருவீர்கள்.

நாகராஜைத் தெரியுமல்லவா? ஆழ்வார்பேட்டையில் புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவன். அவன் தேய்த்த சட்டை மடிப்பில் வெள்ளரிக்காய் நறுக்கலாம். கஞ்சத்தனத்தில் அவனுக்குக் கோயில் கட்டலாம், ஆனால் கும்பாபிஷேகத்துக்கு அவனே வரமாட்டான், பஸ் டிக்கெட் ஆகும். இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஒரு கரித்துண்டு கீழே விழுந்தால் சுடச்சுடக் கையால் எடுத்து உள்ளே போடுவான். அவன் விரல் நுனியில் ரேகையே கிடையாது. ரேஷன் கடை மெஷின் அவனை மனிதன் என்றே ஒத்துக்கொள்ளவில்லை, பாஞ்சாலி போய் விரல் வைத்துத்தான் அரிசி வாங்குவாள்.

பாஞ்சாலி அவன் பெண்டாட்டி. மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். அவள் தேய்த்த பித்தளைக் குடத்தில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். இது அந்த இருபதில் சேர்ந்ததல்ல, எண்பதில் சேர்ந்தது.

நாகராஜுக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. வெள்ளி நாலணா. வெள்ளைக்காரன் காலத்துக் கால் ரூபாய்க் காசு. மயிலாப்பூரில் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், துணி வாங்குகிற சாக்கில் போய் நின்றுவிடுவான். பரணிலிருந்து இறங்கும் டப்பா, ஜாடி, உடைந்த உண்டியல் எல்லாவற்றிலும் கண் வைப்பான். ஒரு நாலணா தந்தால் ஆறு புடவை சும்மா தேய்த்துத் தருவான். சும்மா என்ற சொல்லை அவன் வாயிலிருந்து வரவழைத்தது உலகத்திலேயே அந்தக் காசு ஒன்றுதான்.

இப்படி நாற்பத்தோரு காசு சேர்த்தான். அதில் ஒன்பது, பாஞ்சாலியின் கொலுசை விற்று வாங்கியது. வெள்ளி கொடுத்து வெள்ளிதானே வாங்கினேன், வீட்டை விட்டா போய்விட்டது என்று அவளுக்குக் கணக்குச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லுங்கியை விரித்து எல்லாவற்றையும் வரிசையில் அடுக்குவான். முக்காடு போட்ட ராணி, மொட்டைத்தலை ராஜா, தாடி ராஜா, தாடி எடுத்த ராஜா என்று அவனே பெயர் வைத்திருந்தான். சிமெண்டுத் தரையில் போட்டுப் பார்ப்பான். நல்ல வெள்ளி என்றால் மணி அடிக்கும். சண்டைக் காலத்தில் பாதி வெள்ளி போட்டு அடித்தது என்றால் தகரம் இருமுவது போல ஒரு சத்தம் வரும். இருமுகிற காசைத் தனியாக ஒரு மூலையில் தள்ளி, அதை ஒரு பார்வை பார்ப்பான். கட்டின பெண்டாட்டியை அவன் பார்க்கிற பார்வையும் அதுதான்.

நாற்பத்திரண்டாவது காசு வந்ததுதான் வினை. லஸ் பக்கம் ஒரு மாமி வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்போது ஒரு பொத்தான் டப்பாவை அவன் கையில் திணித்தார்.

"இதையும் நீயே எடுத்துண்டு போயிடு நாகராஜ். ஆத்துல இனிமே யார் ஒக்காந்து பொத்தான் தைக்கப் போறா?"

வண்டிக்கு வந்து கொட்டினான். எழுபது பொத்தானுக்கு நடுவே கரிக்கட்டை மாதிரி ஒரு நாலணா. தாடி ராஜா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று. நாகராஜின் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டின் மேல் அப்படியே நின்றது. கோட்டு போயிற்று. அவனுக்கு அதுகூடத் தெரியவில்லை.

ஏனென்றால் முந்தின வாரம்தான் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தான். டை கட்டிய ஒருத்தன் அதில் கத்திக்கொண்டிருந்தான். அந்த வருசத்துக் காசில் ராஜாவின் அங்கியில் யானை செதுக்கினார்களாம், அது பன்றி மாதிரி வந்துவிட்டதாம், சனங்கள் கோபப்பட்டதும் அடுத்த வருசமே மாற்றிவிட்டார்களாம். அந்தப் பன்றி உங்கள் வீட்டில் இருந்தால் ரெண்டு லட்சம், ஆனால் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், அந்தக் கறுப்புதான் துட்டு என்றான். நாகராஜ் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். ராஜாவின் மார்பில் எள்ளளவு ஒரு பன்றி நின்றது. அவன் பார்வைக்கு அது வாலைக்கூட ஆட்டியது.

அன்று முதல் அது தனி டப்பாவுக்குப் போயிற்று. மற்ற நாற்பத்தொன்றும் டிரங்குப் பெட்டியில், இது மட்டும் சாமி படத்துக்குப் பின்னால் குங்கும டப்பாவில். பாஞ்சாலியிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தான். தொடாதே. முக்கியமாக, தேய்க்காதே. நீ புளியைக் கையில் எடுத்தாலே எனக்கு ரெண்டு லட்சம் கரைகிற மாதிரி இருக்கிறது என்றான்.

தொழில் தெரிந்தவர்களிடம் காட்டினானா என்றால், இல்லை. தி. நகரில் கல்யாணராமன் என்று பழங்காசு வாங்கி விற்கிறவர் இருக்கிறார், நியாயமான மனுசன். அவரிடம்கூடக் காட்டவில்லை. கையில் கொடுத்தால் மாற்றிவிடுவார் என்று பயம். ஆனால் ஊரெல்லாம் வாயால் காட்டினான். கல்யாண வீடு, காதுகுத்து, எங்கே போனாலும் சோறு இறங்கியதும் ரெண்டு லட்சம் எழுந்து வரும். தீபாவளிக்கு அது ரெண்டரை ஆயிற்று. பொங்கலுக்கு மூன்று.

இதையெல்லாம் உண்மையென்று நம்பினவன் ஒருத்தன் இருந்தான். பாஞ்சாலியின் தம்பி சக்திவேல். ஆற்றோரத்தில் குடிசை போட்டிருந்தவனைப் பெரும்பாக்கத்து அரசுக் குடியிருப்புக்குத் தூக்கிக்கொண்டுபோய் ஆறாவது மாடியில் வைத்திருந்தார்கள். லிப்ட் வேலை செய்யாத ஒருநாள் நாலாவது மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அடைப்பு. பெரியாஸ்பத்திரியில் ஆபரேசனுக்கு நாலாம் தேதி வரச்சொல்லி சீட்டுக் கொடுத்தார்கள். சக்திவேல் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"நான் இன்னாத்துக்கு வரிசைல நிக்கணும்? மாமாகிட்ட மூணு லட்சம் கீது. தனியார்ல படுத்துக்கினு ஜூஸ் குடிக்கப் போறேன்."

நாலாம் தேதி போயிற்று. பாஞ்சாலி புருசனிடம் கேட்டாள். இன்னும் விலை ஏறும், அவசரப்படாதே என்றான். சக்திவேலின் மகள் மணிமொழி நர்ஸ் வேலைக்குப் படிக்கிறவள். அவள் வந்து கேட்டாள். பார்க்கலாம் என்றான். பதினெட்டு நாள் பார்த்தான். கடைசியில் சொந்தக்காரர்கள் ஒரு வேன் பிடித்து வந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். தப்பிக்க வழி இல்லை. நாகராஜ் எழுந்து தட்டில் சூடம் வைத்துக் கொளுத்தினான். சூடத்தைக் கையால் அடித்து அணைத்தான். ரேகைதான் இல்லையே, சுடவும் இல்லை.

"சத்தியமா சொல்றேன். அது இருநூறு ரூபா காசு. சும்மா கலாய்க்க மூணு லட்சம்னு சொன்னேன். நீங்கல்லாம் நெசம்னு நெனைச்சுக்கினா நான் இன்னா பண்றது?"

வேன் திரும்பிப் போயிற்று. பெரியாஸ்பத்திரியில் புதிதாகத் தேதி கேட்டார்கள். இருபத்தாறு என்றார்கள். சக்திவேல் இருபத்து நாலாம் தேதி காலை பல் விளக்கும்போது போய்விட்டான். பாதி விளக்கிய பல்லோடு.

சொந்தபந்தத்தில் பாதி மயிலாப்பூரைச் சுற்றி இருப்பதால் உடம்பைப் பாஞ்சாலி வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். நாகராஜ் வாசலில் பந்தல்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இருபது நாற்காலி எதற்கு, பத்து போதும், அழுகிறவர்கள் நின்றுகொண்டே அழட்டும் என்று பேரம். உள்ளே விபூதி பூசி, மாலை போட்டு, நெற்றியில் ஒட்ட ஒரு ரூபாய்க் காசு கேட்டார்கள். அங்கே இருந்தவர்கள் எழுபது பேர். ஒருத்தரிடம் காசு இல்லை. எல்லோரும் போனை நீட்டித் துட்டு அனுப்புகிற காலம். பூக்காரியே ஸ்கேன் பண்ணச் சொல்கிறாள், பிச்சைக்காரர் அட்டை மாட்டியிருக்கிறார். பிணத்தின் நெற்றியில் போனையா ஒட்டுவது?

பாஞ்சாலி எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் ஆயிற்று. குழாய்ச் சத்தம் கேட்டது. ஈரக் கையோடு வெளியே வந்து, பளபளவென்று ஒரு காசைத் தம்பியின் நெற்றியில் சந்தனம் வைத்து ஒட்டினாள். பிறகு ஐஸ் பெட்டியை மூடினார்கள்.

நாகராஜ் பத்து நாற்காலியில் ஜெயித்துவிட்டு உள்ளே வந்தான். முறைக்கு ஒரு பார்வை பார்க்கலாம் என்று கண்ணாடியில் குனிந்தான். மச்சானின் நெற்றியில் புது ரூபாய் மின்னியது. பிறகுதான் அந்த ரூபாயில் ஒரு தாடி தெரிந்தது. தாடிக்கு மேல் கிரீடம். கிரீடத்துக்குக் கீழே அங்கி. அங்கியில் குளித்துப் பவுடர் போட்ட மாதிரி அந்தப் பன்றி.

நாகராஜின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாடு கன்று ஈனும்போதுகூட அப்படிக் கத்தாது. கண்ணாடிமேல் அப்படியே விழுந்தான். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். பாவம், மச்சான்மேல் இவ்வளவு உயிரா, நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். இரண்டு பேர் வந்து தோளைத் தட்டினார்கள்.

அவன் மாட்டிக்கொண்டது எங்கே என்று பாருங்கள். அது என் காசு, கழற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் எதற்கு என்று கேட்பார்களே. இருநூறு ரூபாய்க் காசு என்று இதே கூட்டத்தின் முன்னால்தான் சூடம் அடித்திருக்கிறான். இருநூறு ரூபாய்க்காகச் செத்தவன் நெற்றியில் கை வைத்தாயா என்று செருப்பைக் கழற்றுவார்கள். மூன்று லட்சம் என்று சொன்னாலோ, செருப்பைக் கழற்றக்கூட நேரம் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

மாற்றிவிடலாம் என்று யோசித்தான். டிரங்குப் பெட்டியில் அதே மாதிரி நாற்பத்தொன்று இருக்கிறது. ஆனால் பெட்டியின் மேல் பாஞ்சாலியின் மூன்று சித்திகள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு தண்ணீர் லாரி, அதுவும் நிரம்பின லாரி. தெருமுனைப் பெட்டிக்கடைக்கு ஓடினான். பத்து ரூபாய் நோட்டை நீட்டி ஒரு ரூபாய்க் காசு கேட்டான். கடைக்காரர் காசு இல்லை என்று பத்து மிட்டாய் கொடுத்தார். வாழ்க்கை பூராவும் காசு சேர்த்தவன் கையில் மிட்டாயோடு திரும்பி வந்தான்.

மத்தியானம் குளிப்பாட்ட எடுத்தார்கள். நான்தான் தண்ணீர் ஊற்றுவேன் என்று முண்டியடித்து முன்னால் போனான். ஊற்றினான். ஊற்றிய வேகத்தில் காசு வழுக்கி அவன் உள்ளங்கைக்கே வந்துவிட்டது. விரலை மூடினான். ஒரு மூச்சு விடுகிற நேரம் மூன்று லட்சம் அவன் கையில் இருந்தது. எதிரில் பாஞ்சாலி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை, கத்தவில்லை, நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. எழுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல் திறந்தது. அவள் எடுத்து, துடைத்து, மறுபடி ஒட்டினாள்.

அதன் பிறகு சுடுகாடு வரை அவன் கண் இமைக்கவில்லை. மேளம் அடித்தது, பையன்கள் ஆடினார்கள், பூவை வாரி இறைத்தார்கள். வண்டி பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் பிணத்தின் தலையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தான். பெற்ற தாய்கூட அப்படித் தாங்கமாட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். சக்திவேலுக்கு ஆண்பிள்ளை இல்லை, கொள்ளி வைக்க மணிமொழியே வந்தாள், அவளுக்குத் துணையாகப் பாஞ்சாலியும் வந்தாள்.

சுடுகாட்டில் முகத்தை மூடுவதற்கு முன்னால், அங்கே வேலை பார்க்கும் பெரியவர் மாலையைக் கழற்றினார். நெற்றிக் காசு அவருக்குச் சேர வேண்டியது, அது வழக்கம். அவர் கை நெற்றிக்குப் போனது. நாகராஜ் அவர் காதருகே குனிந்தான். அந்தக் காசை எனக்குக் கொடுங்கள், நினைவுக்கு வைத்துக்கொள்கிறேன், ஐந்நூறு ரூபாய் தருகிறேன் என்றான். பெரியவர் நாற்பது வருசமாக அங்கே இருப்பவர். ஒரு ரூபாய்க்கு யாரும் ஐந்நூறு கொடுத்துப் பார்த்ததில்லை. காசை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நாகராஜ் ஆயிரம் என்றான். அவர் இன்னொரு தடவை திருப்பினார். இரண்டாயிரம் என்றான், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மணிமொழி முன்னால் வந்தாள். பெரியவர் கையிலிருந்த காசைப் பார்த்தாள், நாகராஜைப் பார்த்தாள்.

"மாமா, அது இருநூறு ரூபா காசுன்னு சொன்னீங்களே."

நாகராஜ் பெரியவரை விட்டு ஒரு அடி தள்ளி நின்றான். பாஞ்சாலி பக்கத்தில் வந்து நின்றாள். மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் அந்தப் பக்கம் எரிந்துகொண்டிருந்த வேறொரு பிணத்துக்குக்கூடக் கேட்டிருக்கும்.

"எத்தினி பேர் கீறாங்க பாரு. எல்லார் எதுர்லயும் சொல்லு. அது எவ்ளோ தேறும்?"

ஒரு பக்கம் மூன்று லட்சம். இன்னொரு பக்கம் மச்சானைச் சாகவிட்டவன் என்ற பெயர். நாகராஜ் தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக விலை உயர்ந்ததை விட்டுக்கொடுத்தான்.

"இருநூறு," என்றான்.

"அப்போ அவன்கூடவே போவட்டும்," என்றாள் பாஞ்சாலி. பெரியவரிடம் கைகூப்பினாள். அவரும் இருநூறுக்காக இத்தனை பேர் பகை வேண்டாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, காசைத் திரும்ப நெற்றியிலேயே வைத்தார். தகன மேடையின் தட்டு உள்ளே போயிற்று. இரும்புக் கதவு மூடியது. நாகராஜ் மண்ணில் உட்கார்ந்து அழுதான். இந்த அழுகையில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்க இடமில்லை.

சாயங்காலம் சாம்பலைச் சட்டியில் தந்தார்கள். மணிமொழி வாங்கப் போனாள். நாகராஜ் குறுக்கே புகுந்து, குழந்தை பாவம், நான் தூக்குகிறேன் என்று வாங்கிக்கொண்டான். பட்டினப்பாக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, எல்லோரும் ஒரேயடியாகக் கவிழ்க்கிற சட்டியை அவன் கைப்பிடி கைப்பிடியாகக் கரைத்தான். ஒவ்வொரு பிடியையும் விரலால் உதிர்த்து உதிர்த்துப் பார்த்தான். எவ்வளவு பொறுமையாகக் கரைக்கிறான் என்று கரையில் நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எட்டாவது பிடியில் கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு உருண்டை அகப்பட்டது. வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டான். கரைக்கு வந்து யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினான். துக்கத்தில் பேச்சு நின்றுவிட்டது என்று அவனுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

மறுநாள் தி. நகரில் கல்யாணராமன் முன்னால் அந்த உருண்டையை வைத்தான். அவர் தராசில் போட்டார். உரசிப் பார்த்தார். எலும்பா, சாம்பலா, ஏதோ ஒட்டியிருக்கிறது, அதெல்லாம் கழித்தால் இவ்வளவுதான் வரும் என்று இரண்டு நூறு ரூபாய் நோட்டை எடுத்து வைத்தார். இருநூறு.

நாகராஜ் கேட்டான். இதுவே உருகாமல், கறுப்புப் போகாமல், பன்றியோடு அப்படியே இருந்திருந்தால்?

"நல்லா இருந்தா மூவாயிரம். ரொம்ப நல்லா இருந்தா நாலாயிரம். அதுக்கு மேல யாராவது சொன்னான்னா அவன் வீடியோ போடறவன்," என்றார் கல்யாணராமன்.

மூன்று லட்சம் எப்போதுமே இருந்ததில்லை. நாலாம் தேதிச் சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு சக்திவேல் காத்திருந்தது, போனில் எவனோ ஒருத்தன் கத்தின விலைக்கு.

நாகராஜ் வீட்டுக்கு நடந்தே வந்தான். பாஞ்சாலி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டாள். அவன் அங்கே போவான் என்று அவளுக்கு எப்படித் தெரியும், கடலில் வாயில் போட்டதைப் பார்த்திருந்தாளா, ஒன்றும் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. இரண்டு நோட்டையும் அவள் முன்னால் வைத்தான்.

அவள் அதைப் பார்த்தாள்.

"பரவால்ல. நீ அடிச்ச சூடம் பொய்யில்ல," என்றாள். மறுபடி புளியைக் கையில் எடுத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள்.

கதை அவ்வளவுதான். அல்போன்ஸ் டீ வடிகட்டியை அப்படியே தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தான்.

"அது தெரியாம பண்ணது நைனா," என்றான். "வூட்ல பொணம் கீது, கண்ணு தண்ணியா கீது. டப்பால இருந்தத எடுத்தாந்து ஒட்டுச்சு. அதுல போயி இன்னா வஞ்சம்?"

ஜோதிலட்சுமி பூக்கூடையை ஒதுக்கி வைத்தாள். தெரியாமல் எடுத்தவள் எதற்குப் புளி போட்டுத் தேய்த்தாள் என்று கேட்டாள். கறுப்பாக இருந்தால் அவன் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவான், அதனால்தான் தேய்த்தாள், நன்றாகச் செய்தாள், நானாக இருந்தால் நாற்பத்திரண்டையும் தேய்த்து ஒட்டியிருப்பேன் என்றாள்.

கூடப் பிறந்தவன் நெற்றியில் அழுக்குக் காசையா வைப்பார்கள், அதற்காகத் தேய்த்தாள் என்றான் அல்போன்ஸ். புருசனை எழுபது பேர் முன்னால் நிற்க வைத்து உரித்தாளே, அதுவும் தெரியாமல் செய்ததா என்றாள் ஜோதிலட்சுமி. அப்படியென்றால் அவள் மனுசி கிடையாது, பேய் என்றான் இவன். பேயாவது, பதினெட்டு நாள் இழுத்தடித்துச் சாகவிட்டவன்தான் பேய், உனக்கு அவன் பாவமாகத் தெரிகிறான் என்றால் நீயும் அதே ஜாடை என்றாள் அவள்.

அந்த ஜாடை என்ற வார்த்தைதான் தீப்பெட்டி. உள்ளே பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அல்போன்ஸின் மனைவி நோரா கரண்டியோடு வெளியே வந்தாள். புருசனுக்குப் பரிந்து பேச வந்தாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"அக்கா கேக்கறது கரீட்டு," என்றாள். "முதல்ல என் ஒரு ஜோடி கம்மல் எங்கன்னு இந்தாளக் கேளுங்க."

அல்போன்ஸ் வடிகட்டியைக் கீழே போட்டான். ஜோதிலட்சுமி கூடையைத் தாண்டிக் கடைக்குள் ஏறினாள். பெஞ்சில் இருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து எழுந்தார்கள், பெஞ்சு சாய்ந்தது, நான்கு கிளாஸ் உடைந்தது, அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.